தண்ணீர் எப்படி என்று கேட்டவன்

அசனாரைப் பற்றி நல்லதாகச் சொல்ல ஊரே இருக்கிறது. எனக்கு அவனைக் கண்டால் வயிறு எரியும். அதையும் சேர்த்தே சொல்கிறேன்.

இருவருக்கும் ஊர் காத்தான்குடிதான். ஒரே வயது, வாவியில் தோணியில் ஆளேற்றும் ஒரே தொழில். அவனுடைய தோணியும் என்னுடைய தோணியும் ஒரே ஆசாரி செய்தவை. ஆனால் புளியந்தீவுத் துறைக்கு வருகிறவர்கள் "அசனார் எங்கே?" என்றுதான் கேட்பார்கள். பக்கத்திலேயே நான் மரம் மாதிரி நிற்பேன். என் மனைவி ஸைனம்புகூட, அவனை அண்ணனாக்கி, "அசனார் காக்காட தோணியெண்டா பயமில்லாமப் போகலாம்" என்பாள். அதுவும் எனக்குச் சோறு போட்டுக்கொண்டே!

முப்பத்தாறாம் ஆண்டு ஐப்பசி. நாலு நாளாக விடாத மழை. கொழும்பிலிருந்து ரெயிலில் ஒரு கண் டொக்டரும் அவர் மனைவியும் இரண்டு நாள் ஊர் பார்க்க வந்திருந்தார்கள். முகத்துவாரத்துக்கு இப்பால் கிடக்கும் கண்டல் மரங்கள் அடர்ந்த தீவைப் பார்க்க வேண்டுமாம். மழை சற்று விட்ட நேரம் துறைக்கு வந்தார்கள். நான்தான் முதலில் ஓடிப்போய்க் குடை பிடித்தேன். அந்த அம்மா என்னைத் தாண்டிப் பார்த்து, "அசனார் எண்டவர் யார்?" என்றாள். கொழும்பு வரைக்குமா இவன் பேர் போயிருக்கிறது! எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

எங்கள் துறையில் ஒரு வழக்கம் உண்டு. மாரியில் தோணியைத் தள்ளுமுன், முகத்துவாரப் பக்கம் கடைசியாகப் போய்வந்தவனிடம் தண்ணீரைப் பற்றிக் கேட்க வேண்டும். அவன் சொன்னால் சொன்னதுதான். அன்று கடைசியாகப் போய்வந்தவன் நான். வெள்ளம் வயலுக்குள் ஏறுகிறதென்று, வாவிக்கும் கடலுக்கும் நடுவிலிருந்த மணல் திட்டைக் காலையில் வெட்டி விட்டிருந்தார்கள். வாவித் தண்ணீர் முழுவதும் கடலைப் பார்த்து இழுத்துக்கொண்டிருந்தது. என் கண்ணால் கண்டேன்.

"மச்சான், தண்ணி எப்படி இரிக்கி?" என்று கேட்டான் அசனார்.

"சும்மாதான் கிடக்கு. போ" என்றேன்.

சிரித்துக்கொண்டே தோணியைத் தள்ளினான்.

முதலில் இனிப்பாகத்தான் இருந்தது. திணறிவிட்டு வரட்டும், பேர் கெடட்டும், அவ்வளவுதான் நினைத்தேன். பிறகு மழை மறுபடி பிடித்துக்கொண்டது. மாலை நேரத்து அசர் தொழுகையும் முடிந்தது. தோணியைக் காணவில்லை. அவனுக்கு மூன்று பிள்ளைகள். என் தோணியை எடுத்தேன்.

பாதி வழியில் அவனைக் கண்டேன். துடுப்பு வெள்ளத்தோடு போய்விட்டிருந்தது. கரையோரக் கண்டல் கிளைகளை ஒவ்வொன்றாக எட்டிப் பிடித்து, ஓட்டத்துக்கு எதிராகத் தோணியை இழுத்துக்கொண்டு வந்தான். உள்ளங்கை இரண்டும் தோலுரிந்து இரத்தம். டொக்டரும் மனைவியும் ஒருவரையொருவர் கட்டிப்பிடித்தபடி இருந்தார்கள்.

என்னைக் கண்டதும் அவன் முகம் மலர்ந்தது.

"பாத்தீங்களா அம்மா, பக்கீர் வருவான் எண்டு நான் சொன்னன்தானே?" என்றவன் என் பக்கம் திரும்பினான். "நீ வந்தாப்பொறகுதான் முகத்துவாரத்த வெட்டியிருக்கானுகள் மச்சான். இல்லாட்டி நீ சொல்லியிருப்பாய்."

"ஓம்" என்றேன். அன்றைக்கு அது இரண்டாவது பொய்.

பத்து வருடமாகிறது. என் எரிச்சல் தீரவில்லை. முன்பு அவன் பேரைப் பார்த்து எரிந்தேன். இப்போது, ஒருவனை அப்படி நம்பிவிட்டு நிம்மதியாக இருக்க அவனால் முடிகிறதே என்று எரிகிறேன். இப்போதெல்லாம் முகத்துவாரத்துக்குக் கடைசியாக யார் போய்வந்திருந்தாலும் அவன் அவர்களிடம் கேட்பதில்லை. என்னிடம் வந்துதான் தண்ணீர் எப்படி என்று கேட்கிறான்.