ஜவுளிக்கடைக் குழி

டவுனில் ரதவீதியை ஒட்டிய சந்தில் ஒரு ஜவுளிக்கடை முதலாளி பழைய வீடு ஒன்றை வாங்கி இடித்தார். கார் நிறுத்த இடமில்லை என்று வாடிக்கையாளர்கள் வண்ணார்பேட்டைக் கடைகளுக்குப் போய்விடுகிறார்களாம். அதனால் புதுக் கடைக்கு அடியில் கார் நிறுத்த இரண்டு தளம் வேண்டுமென்றார். பாளையங்கோட்டையில் சிறிய மண் ஆய்வுக்கூடம் வைத்திருக்கும் என்னைக் கூப்பிட்டார்.

துளை போட்டுப் பார்த்தேன். மேலே செங்கல் துண்டும் ஓட்டுச் சில்லும், அடுத்துக் கொஞ்சம் களிமண், அதற்குக் கீழே ஆற்று மணல். கோடையானதால் தண்ணீர் ஆழத்தில் கிடந்தது. கார் பருவ நெல்லுக்குக் கால்வாயைத் திறந்தால் இந்த மணல் வழியாக ஏறிவரும், அப்போது மறுபடி அளக்க வேண்டும், பக்கத்து வீட்டை ஒட்டித் தண்ணீர் புகாத தடுப்புச் சுவர் இறக்காமல் தோண்டக் கூடாது என்று சொன்னேன். முதலாளி கொட்டாவி விட்டார்.

பிறகு சென்னையிலிருந்து ஓர் ஆலோசகரை வரவழைத்தார். தம் வெள்ளை ஷூவில் மண் பட்டுவிடக் கூடாதென்று அவர் மனை வாசலோடு நின்றுவிட்டார். மண்ணை ஆராய வந்தவர்!

"மேடம், மண்ணுன்னா எல்லா ஊர்லயும் மண்ணுதான். தண்ணி வந்தா பம்ப் போட்டுக்கலாம்" என்றார்.

அவ்வளவு படித்தவர் பம்பை நம்பிப் பேசியதைக் கேட்டு எனக்குக் கோபம்கூட வரவில்லை, அருவருப்புதான் வந்தது. தடுப்புச் சுவர் இல்லாத வரைபடத்தில் என்னால் கையெழுத்துப் போட முடியாது என்று சொல்லிவிட்டு வந்தேன். அவரே போட்டுக்கொண்டார், தோண்டத் தொடங்கிவிட்டார்கள்.

கால்வாயில் தண்ணீர் விட்ட பிறகு எனக்கு ஒரு போன் வந்தது. பேசியது குழியை ஒட்டிய சுண்ணாம்புக் காரை வீட்டில் தனியாக இருக்கும் ஓர் அம்மா, ஓய்வுபெற்ற கல்லூரிப் பேராசிரியை. துளை போட்ட நாட்களில் பழக்கம்.

"பிள்ளே, அடுக்களைக் கதவு அடைக்க மாட்டேங்கு. நேத்து வரைக்கும் ஒழுங்கா அடைச்சுது. அந்த மெட்ராஸ்காரர்கிட்ட கேட்டா, பழைய மரம், ஊதியிருக்கும்னு சொல்லுதாரு."

போய்ப் பார்த்தேன். நிலைச்சட்டமே சாய்ந்திருந்தது. மேலே சுவர் வெடிப்பில் என் விரல் நுழைந்தது. வெளியே பம்புத் தண்ணீர் கலங்கலாகச் சாக்கடையில் விழுந்துகொண்டிருந்தது. கையால் அள்ளினேன். நைசான மணல். அந்த அம்மாவின் வீட்டைத் தாங்கும் மணலைத்தான் பம்பு இறைத்துக்கொண்டிருந்தது. அவர்களை உடனே வெளியே வரச் சொன்னேன். பிரஷர் மாத்திரையையும் கண்ணாடியையும் மட்டும் எடுத்துக்கொண்டு வந்து எதிர்க்கடை நாற்காலியில் உட்கார்ந்தார்கள்.

பம்பை நிறுத்தி, குழியில் தண்ணீர் தானாக ஊறி நிறைய விடுங்கள் என்று முதலாளியிடம் சொன்னேன். ஆலோசகர் சிரித்தார்.

"இம்புட்டு நாளாத் தோண்டுன குழியில தண்ணியை விடச் சொல்லுதீங்களே" என்றார் முதலாளி.

குழிக்குள் ஏறும் தண்ணீர்தான் இனி அந்தச் சுவரைத் தாங்கும், இறைக்க இறைக்க மணல் போய்க்கொண்டே இருக்கும் என்று விளக்கினேன். பேசிக்கொண்டிருக்கும்போதே பக்கத்துச் சுவரிலிருந்து ஒரு பாளம் காரை பெயர்ந்து குழிக்குள் விழுந்தது. முதலில் பின்வாங்கிக் கார்ப் பக்கம் போனவர் ஆலோசகர்தான். நானே போய் சுவிட்சை அணைத்தேன்.

சாயங்காலத்துக்குள் தண்ணீர் ஏறி நின்றது. வெடிப்பும் அதற்குமேல் விரியவில்லை. அந்த அம்மா வழக்குப் போடுவேன் என்று உறுதியாக நின்றதால் முதலாளி குழியை மூடி, அவர்கள் சுவருக்கு அடியில் புது அஸ்திவாரம் கட்டிக்கொடுத்தார். மகள் வீட்டில் இருந்துவிட்டு அவர்கள் திரும்பி வந்தார்கள். நிலத்தடித் தளம் இல்லாமலே கடை திறந்தது. முதலாளியின் கார் தினமும் சந்து முழுவதையும் அடைத்துக்கொண்டு நிற்கிறது.

போன வருடம் ஒரு கல்லூரிக் கருத்தரங்கில் ஆலோசகரைப் பார்த்தேன். தண்ணீர் நிறைந்த அந்தக் குழியைத் திரையில் காட்டி, பழைய நகரப் பகுதியில் ஒரு கட்டடத்தைத் தாம் காப்பாற்றிய முறை என்று விளக்கிக்கொண்டிருந்தார். நான் எழுந்து, பம்பை நிறுத்தியது யார் என்று கேட்டேன்.

"அது குழுவோட முடிவு மேடம்" என்றார், கொஞ்சமும் கூசாமல்.

முன்வரிசையில் கைதட்டினார்கள். நான் சாப்பாட்டுக்குக்கூட இருக்காமல் பஸ் ஏறிவிட்டேன்.