கோட்டர்ஸ் குழாயும் பனம்பாகும்

துருவும் பழைய ஈரமும் கலந்த ஒரு கரிப்பு, இத்தனை வருடங்களுக்குப் பிறகும் என் நாக்கின் நுனியில் உட்கார்ந்திருக்கிறது. வெட்கத்தை விட்டுச் சொல்லிவிடுகிறேன்: நான் "கக்கூஸ் பைப்"பில் வாய்வைத்துச் சங்கு ஊதியவன். பல்லாவரம் வெள்ளிக்கிழமைச் சந்தையில், பட்டப்பகலில், அப்பா பார்த்துக்கொண்டிருக்கும்போதே. அதன்பிறகு எத்தனையோ புத்தகங்கள் படித்திருக்கிறேன், கூட்டங்களில் பேசியிருக்கிறேன். வாய் என்னவோ அதே வாய்தான்.

அப்போது கிழக்குத் தாம்பரத்தில் ஒரு வீட்டின் கீழ்ப்போர்ஷனில் குடியிருந்தோம். அலுவலகத்தில் கணக்குப் பார்த்துவந்த அப்பா, நூலகத்தில் ஏதோ வெளிநாட்டுப் பத்திரிகையைப் புரட்டி, பனி கொட்டும் ஊர்க்காரர்கள் மேப்பிள் மரத்தில் துளைபோட்டு, வடிகிற நீரை அகலத் தட்டில் காய்ச்சிப் பாகெடுக்கும் படத்தைப் பார்த்துவிட்டு வந்தார். "நம்ம பதநீர் அதுக்கு என்ன கொறைச்சல்?" என்றார். கொல்லையில் ஒரு தார் டிரம் நீளவாக்கில் பிளந்து அடுப்பாகப் படுத்தது; அதன்மேல் தகரக்கடையில் சொல்லிச் செய்த அகலத் தட்டு ஏறியது. இந்த அமைப்புக்கு அப்பா வைத்த பெயர் "எவாப்பரேட்டர்". அம்மா வைத்த பெயர் "பீடை".

முதல் ஞாயிற்றுக்கிழமையே புகை மாடிக்கு ஏறி, வீட்டுக்காரர் காயப்போட்டிருந்த வேட்டிகளையெல்லாம் பழுப்பாக்கிவிட்டது. அரசாங்க உத்தியோகத்தில் ஓய்வுபெற்ற அவர் கத்திப் பேசமாட்டார். அதனாலேயே அவரிடம் பயம். பாதிப் படி இறங்கி நின்று, "சார், இன்னொரு தபா மேல பொகை வந்துச்சுன்னா வூட்டக் காலி பண்ணிக்குங்க. நமக்குள்ள பேஜார் வேணாம்" என்றார்.

அம்மாவுக்கு முகம் வெளுத்தது, வீட்டை நினைத்து அல்ல, கிணற்றை நினைத்து. சுற்றுவட்டாரமே உப்புத் தண்ணீரில் பருப்பு வேகாமல் அழுதுகொண்டிருந்தபோது, அந்தக் கிணற்றுத் தண்ணீர் மட்டும் இளநீர்போல இனித்தது. "இந்தத் தண்ணிய விட்டுட்டு நான் எங்கயும் வரமாட்டேன். அடுப்பா கிணறான்னு நீங்களே முடிவு பண்ணிக்குங்க" என்றாள். அப்பா இரண்டையும் காப்பாற்ற முடிவுசெய்தார். எப்படி? புகை மாடிக்கும் மேலே போய்விட்டால் யாருக்கு என்ன? ஒரு புகைபோக்கி போதும்.

அப்படித்தான் சந்தைக்குப் போனோம். பழைய சாமான் விற்பவர் ஒருவர் கனத்த வார்ப்பிரும்புக் குழாய்த் துண்டுகளைக் காட்டினார். ஒன்றின் உச்சியில் குல்லா வேறு. "கோட்டர்ஸ் இடிச்சப்போ எறக்குனது சார். கவர்மெண்ட்டு மாலு. நம்ம பேரன் காலத்துக்கும் நிக்கும்." அப்பா குனிந்து உள்ளே பார்த்தார். கறுப்பாகப் படிந்திருந்தது. "பாத்தியாடா, கரி! ஏற்கெனவே புகைபோக்கியா இருந்ததுதான்." மூக்குப்பொடி போட்டுப் போட்டு அவருடைய மூக்கு எப்போதோ செத்துப்போயிருந்தது. எனக்கு மூக்கு இருந்தது. கூடவே, குழாயைக் கண்டால் ஊதத் தோன்றும் வயதும் இருந்தது. ஊதினேன். கப்பல் கிளம்புவதுபோல் ஒரு சத்தம். "அடைப்பு இல்ல" என்று அப்பா திருப்தியாகத் தலையசைத்தார்.

குழாய்களை ஏற்றிவந்த மீன்பாடி வண்டிக்காரர் அன்று காலையில்தான் கருவாட்டு மூட்டைகளை இறக்கியிருந்தார். அவர் துண்டை எடுத்து மூக்கில் கட்டிக்கொண்டு, "இன்னா சார், உள்ள எதுனா செத்துக் கெடக்குதா?" என்றார். கருவாட்டுக்கு மூக்கு மூடாத மனிதர்! அப்போதாவது எங்களுக்கு உறைத்திருக்க வேண்டும். "பழைய புகை நாத்தம்பா" என்று அப்பா அவருக்கு விளக்கினார்.

ஞாயிறன்று குழாய்களை ஒன்றன்மேல் ஒன்றாக நிறுத்தி, இணைப்புகளில் களிமண் பூசி, தென்னைமரத்தோடு கம்பியால் கட்டி, அடுப்பை மூட்டினோம். புகை சமர்த்தாக மாடியைத் தாண்டிப் போனது. அப்பா இடுப்பில் கைவைத்து அண்ணாந்து நின்றார். பிறகு இரும்பு சூடேறியது. அரசாங்கக் குடும்பங்கள் காலகாலமாக அந்தக் குழாயிடம் நம்பி ஒப்படைத்ததெல்லாம் உருகி, வறுபட்டு, பதநீரின் இனிப்போடு கலந்து தெருவெங்கும் பரவியது. சாக்கடையை நெய்யில் தாளித்தால் அப்படித்தான் இருக்கும். குழாயின் பொருக்குகள் உதிர்ந்து பாகில் விழ, அப்பா கரண்டியால் ஒதுக்கிவிட்டுக் கிளறினார். "கரி வயித்துக்கு நல்லது" என்று எனக்கும் ஒரு கரண்டி தந்தார். அதைப்பற்றி மேலே எழுதச் சொல்லாதீர்கள்.

வீட்டுக்காரர் மூக்கைப் பொத்திக்கொண்டு இறங்கி வந்தார். கோபமாக அல்ல, கூனிக்குறுகி. "தப்பா நெனச்சுக்காதீங்க சார், நம்ம செப்டிக் டேங்க்கு ரொம்பிடுச்சு போல." அப்பா பெருந்தன்மையாக, "வீடுன்னா இதெல்லாம் சகஜம் சார்" என்று அவரை மன்னித்தார். அவர் போய்த் தொட்டி மூடியைத் திறந்து பார்த்தார், நிரம்பவில்லை. மோப்பம் பிடித்துக்கொண்டே எவாப்பரேட்டருக்கு வந்து, அண்ணாந்து அந்தக் குல்லாவைப் பார்த்தார். "சார்... முப்பது வருசம் கோட்டர்ஸ்ல இருந்தவன் நான். இது கக்கூஸ் பைப்பு சார்!" படியில் உட்கார்ந்து, கண்ணில் நீர் வரச் சிரித்தார். "பொகை மேல வரல, அது நெஜம். நீங்க இருங்க."

வீடு தப்பியது. ஆனால் அப்பாவும் நானும், மானத்தைக் கழுவும் அவசரத்தில், குழாயையும் தட்டையும் கிணற்றடியில் வைத்துத் தேய்த்தோம். கறுப்புத் தண்ணீர் கிணற்றுச் சுவரின் உடைந்த ஓரமாக உள்ளே இறங்கியதை, குடத்தோடு வந்த அம்மா பார்த்தாள். குடத்தை அங்கேயே கவிழ்த்தாள். "வேற வீடு பாருங்க." கிணற்றை இறைத்துப் பிளீச்சிங் பவுடர் போடுவதாக வீட்டுக்காரர் மன்றாடியும் அவள் கேட்கவில்லை. பள்ளிக்கரணைப் பக்கம், சோப்பு நுரைக்காத தண்ணீருக்குக் குடிபோனோம். கடைசிவரை அம்மா எந்த ஊர்த் தண்ணீரைக் குடித்தாலும், "தாம்பரத்துத் தண்ணி வருமா?" என்று பெருமூச்சு விடுவாள், நாங்கள் இருவரும் வேறு திசையில் பார்ப்போம்.

சென்ற மாதம் அந்தத் தெருவுக்குப் போனேன். கொல்லை, தென்னை, கிணறு எதுவும் இல்லை. அடுக்குமாடிக் குடியிருப்பு நிற்கிறது, வாசலில் தண்ணீர் லாரி உறுமுகிறது. பனம்பாகு மட்டும் இப்போது நாவலூர்க் கடைகளில் கண்ணாடிப் புட்டியில் கௌரவமாக விற்கிறது. அந்த அலமாரிப் பக்கம் நான் போவதில்லை. வீட்டுக்காரரின் மகள் அதே இடத்தில் இரண்டாம் மாடியில் இருக்கிறாள். நாங்கள் காலிசெய்த காரணத்தைச் சொல்லி, அவள் குடும்பத்தின் கிணற்றைக் கெடுத்ததற்காக வருத்தப்பட்டேன்.

"ஐயோ, அதுக்கா போனீங்க?" என்று சிரித்தாள் அவள். "பில்டர் தோண்டுறப்பதான் தெரிஞ்சுது அண்ணா. செப்டிக் டேங்க்குக்கும் கிணத்துக்கும் நடுவுல கட்டின நாள்லேருந்தே விரிசல். அந்த இனிப்பெல்லாம் அங்கேருந்து வந்ததுதான்."