முள் சீவிய கிளை

சென்ற வாரம் சந்தவாசலிலிருந்து ஜவ்வாது மலை ஏறிய பேருந்து ஒரு வளைவில் மூச்சு வாங்க நின்றது. சாலையோரம் இடுப்புயர முட்செடி. ஊதாப் பூ, இலை நரம்பில்கூட முள். முன்சீட்டுப் பெண் கைபேசியை நீட்டி நொடியில் பெயர் சொன்னாள். நான் அதே செடிக்கு ஒரு மாதம் எடுத்துக்கொண்டு தவறான பெயர் சொன்னவன்.

இறங்கிப்போய் ஓர் இலையைக் கசக்கினேன். அந்தப் பச்சைக் கத்தரி வாசத்துக்குப் பின்னாலேயே எனக்குப் பாச்சை உருண்டை வாசமும் வந்துவிடும். செடிகளை அடையாளம் காணும் அரசு அலுவலகத்தில் முடி நரைத்தவனுக்கு வேறென்ன வரும்? கிளை வந்தால் பதிவெண், தாளில் வைத்துத் தைப்பு, பூச்சி அரிக்காமலிருக்கப் பாச்சை உருண்டை போட்ட அலமாரி, பிறகு அட்டவணைக் கேள்விகள். பூ என்ன நிறம்? முள் உண்டா? ஒவ்வொரு பதிலும் அடுத்த கேள்விக்குத் தள்ளும். கடைசியில் பெயர் நிற்கும். அந்த அட்டவணைமேல் எனக்கிருந்த நம்பிக்கை சாமி கும்பிடுகிறவர்களுக்குக்கூட இருந்திருக்காது.

ஒருமுறை அடிவாரத்து விவசாயி கோவிந்தன் தபாலில் கிளை அனுப்பி, "காய வத்தல் போட்டுத் துன்னலாமாங்க?" என்று கேட்டிருந்தார். தபாலில் பூ உதிர்ந்து, காய் நசுங்கியிருந்தது. முள் இல்லை. அட்டவணை என்னை முள்ளில்லாத சுண்டை வகையில் கொண்டுபோய் விட்டது. ஒரு மாதம் கழித்து 'உண்ணத்தக்கது' என்று கையெழுத்திட்டேன்.

அடுத்த மாதம் அவரே வந்தார்.

"எம் பொண்டாட்டிக்கு ரெண்டு நாளா வாந்தி சார். திருப்பத்தூர் ஆஸ்பத்திரில கெடக்குது. உங்க காயிதத்தக் காட்டினா, டாக்டரு நம்ப மாட்டேன்றாரு. செடி பேர நல்லாப் பாத்து வாங்கியான்னுட்டாரு."

"செடியக் குடுங்க."

பையிலிருந்து கிளையை எடுத்தவர் நீட்டவில்லை. மடிக் கத்தியால் அடியிலிருந்து நுனிவரை, இலை நரம்பையும் விடாமல் வழித்தார். மேசையில் முட்கள் உதிர்ந்தன.

"இன்னா பண்றீங்க?"

"இருங்க சார், குத்தும். போன வாட்டியும் சீவிட்டுத்தான் அனுப்புனேன். படிச்சவங்க கை, பாருங்க."

ஆஸ்பத்திரிக்குத் தொலைபேசி போட்டேன். சுண்டை இல்லை, காட்டுக்கத்தரியில் ஒரு வகை, காய் நஞ்சு என்றேன். மறுமுனையில் நர்ஸ்தான் பேசினார்.

"அந்தம்மா உயிரு இப்பத்தான் போச்சு சார்."

கோவிந்தன் மேசையில் உதிர்ந்த முட்களை வெறுங்கையால் கூட்டிக்கொண்டிருந்தார், என் கையில் குத்த ஒன்றும் மிச்சமில்லாதபடி.

விசாரணை நடந்தது. மாதிரியில் முள் இல்லை, ஆகவே முறைப்படி தவறில்லை. அந்த விளக்கத்தை எழுதிக் கொடுத்ததும் நான்தான், நன்றாகவே எழுதியிருந்தேன். பிறகு அந்தப் பிரிவையே மூடினார்கள், அலமாரிகள் ஏலம் போயின. அதற்கு வெகு முன்பே அந்த அடிவாரத்திலிருந்து கிளைகள் வருவது நின்றுபோயிருந்தது.