ஹபீபாவின் கண்ணாடித் தட்டுகள்

பாலவனத்தம் நிறுத்தத்தில் காலை பஸ்ஸுக்கு நின்றுகொண்டிருந்தபோது ஹபீபாவின் தம்பி மனைவி என்னை அழைத்தாள். "மச்சி மவுத்தாயிட்டாகக்கா. நெஞ்சு வலிக்குதுன்னாக. வண்டி வாரதுக்குள்ள முடிஞ்சிருச்சு" என்றாள்.

அழுகை பிறகுதான் வந்தது. முதலில் வந்தது பயம். இனிமேல் அந்தத் தட்டுகளை யார் பார்ப்பார்கள் என்றுதான் மனம் முதலில் கேட்டது. தோழி இறந்த செய்தி கேட்டவளுக்கு இப்படித் தோன்றியிருக்கக் கூடாது. ஆனால் அவளை நினைத்து இங்கே கூடியிருக்கும், அவளோடு வேலை பார்த்த உங்களுக்கு இது விளங்கும்.

நோயாளிகளுக்கு அவள் ரத்தம் எடுக்கும் அம்மா. வீரசோழனிலிருந்து தினமும் பஸ் ஏறி அருப்புக்கோட்டைக்கு வந்து, எங்கள் சிறிய மருத்துவமனையின் பின்கட்டில் இருந்த ஆய்வுக்கூடத்தில் பதினாறு வருடம் வேலை பார்த்தாள். நான் பச்சிளம் குழந்தைகள் பிரிவில் நர்ஸ். ஒரே வயது, ஒரே வருடம் சேர்ந்தவர்கள். மதியச் சாப்பாட்டைப் பகிர்ந்துகொள்வோம். நோன்பு மாதத்தில் அவள் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட எனக்குக் கூச்சமாக இருக்கும். "நீ தின்னு முத்து, நான் வாசம் பிடிச்சுக்கிறேன்" என்பாள்.

திருச்சுழிப் பக்கம் ஆடு மேய்க்கும் பெரியவர் ஒருவர் காலில் கருவேல முள் ஏறி வந்திருந்தார். சர்க்கரை வேறு. புண்ணின் சீழை ஹபீபா வட்டமான கண்ணாடித் தட்டில் பரப்பி, அதன் மேல் பொட்டு மாதிரி ஆறு மருந்து வில்லைகளை வைத்து வளர்த்திருந்தாள். மறுநாள் என்னைக் கூப்பிட்டுக் காட்டினாள். கிருமி பாலாடை போலத் தட்டு முழுக்கப் படர்ந்திருந்தது. மருந்து வேலை செய்தால் வில்லையைச் சுற்றிக் கிருமி செத்து, தெளிந்த வட்டம் ஒன்று விழும். ஐந்து வில்லைகளைச் சுற்றி வட்டமே இல்லை. ஆறாவதில் மட்டும் நகம் அளவுக்கு ஒரு வெளிச்சம்.

பழைய தட்டுகளின் வட்டங்களை அவள் பென்சிலால் காகிதத்தில் வரைந்து வைத்திருந்தாள். அவற்றை வருட வாரியாக மேசையில் பரப்பினாள். நாங்கள் சேர்ந்த புதிதில் வளையல் அகலம் இருந்தவை வரவரச் சிறுத்து மோதிரமாகி, பிறகு புள்ளியாகியிருந்தன. "எனக்குப் பயமா இருக்கு முத்து" என்றாள். அவள் பயப்படுவதை நான் அதற்குமுன் பார்த்ததில்லை. ஆறாவது மருந்தால் பெரியவர் பிழைத்தார், கணுக்காலுக்குக் கீழே இழந்து.

கிருமிக்கு மருந்து பழகிப்போய்விட்டது என்றுதான் நாங்கள் எல்லாரும் சொல்லிக்கொண்டிருந்தோம். அந்தச் சொல் அவளுக்குப் பிடிக்காது. ஒருநாள் தையற்கடையில் வெல்வெட் துண்டு கேட்டு வாங்கி வந்தாள். குக்கரில் வைத்துக் கிருமி நீக்கினாள். மருந்தே படாத ஒரு தட்டில் புள்ளிப் புள்ளியாக வளர்ந்திருந்த கிருமிக் கூட்டங்களின் மேல் அதை ஒற்றினாள். பிறகு அதே துணியை, திசை மாறாமல், மருந்து கலந்த வேறொரு தட்டில் ஒற்றினாள். முத்திரை குத்துவது போலத்தான். மறுநாள் மருந்துத் தட்டில் மூன்றே மூன்று புள்ளிகள் வளர்ந்திருந்தன.

அவள் முதல் தட்டுக்குப் போனாள். அந்த மூன்றும் இருந்த அதே இடங்களில் ஊசி முனையால் தொட்டு எடுத்து மருந்தில் விட்டாள். வளர்ந்தன. பக்கத்துப் புள்ளிகளிலிருந்தும் எடுத்து விட்டாள். அவை செத்தன.

"இது மருந்தைப் பாத்ததே இல்ல. அதுக்கு முன்னாடியே தாங்குற கூட்டம் உள்ள இருந்திருக்கு" என்றாள். "மருந்து அதுக்கு ஒண்ணும் பழக்கிக் குடுக்கல. மத்ததையெல்லாம் கொன்னு எடத்தக் காலி பண்ணிக் குடுக்குது. மிஞ்சுனது தன்னை மாதிரியே பெருகுது. அவ்வளவுதான்."

இயற்கைத் தேர்வு என்று பள்ளியில் படித்திருக்கிறேன். கோடி வருடக் கதை, எங்கோ காட்டு விலங்குகளுக்கு நடந்தது என்று பரீட்சை எழுதிவிட்டு மறந்துபோனேன். ஹபீபா சொன்னாள், நல்ல தீனி கிடைத்தால் இவற்றுக்கு இருபது நிமிடத்தில் ஒரு தலைமுறை. நான் ஒரு ஷிப்ட் முடித்து வீட்டுக்குப் போவதற்குள் இருபது தலைமுறைக்கு மேல் கடந்துவிடும். அன்று பஸ்ஸில் கம்பியைப் பிடிக்கக்கூட எனக்குக் கை வரவில்லை.

இனிச் சொல்லப்போவது உங்களில் சிலருக்குத்தான் தெரியும்.

போன கோடையில் எங்கள் ஆழ்துளைக் கிணறு வற்றி, லாரித் தண்ணீரில் மருத்துவமனை ஓடியது. தண்ணீரைப் பார்த்துப் புழங்கச் சொன்னார்கள். இந்த மண்ணில் பிறந்தவளுக்கு அதைச் சொல்லித்தர வேண்டியதில்லை. ஒரு குழந்தைக்கும் அடுத்த குழந்தைக்கும் நடுவில் நான் கை கழுவும் நேரம் எனக்கே தெரியாமல் குறைந்தது. அந்த வாரம் மூன்று குழந்தைகளுக்குக் காய்ச்சல். மல்லாங்கிணற்றுப் பாண்டிச்செல்வியின் ஆண் குழந்தை, தட்டின் முடிவு வருமுன்னே இறந்துபோனது. கல்யாணமாகி ஏழாம் வருடம் பிறந்த பிள்ளை.

ஹபீபா இரண்டு நாள் வீட்டுக்குப் போகவில்லை. குழாய், தொட்டில், எங்கள் எல்லாருடைய கைகள் என்று ஒவ்வொன்றையும் பஞ்சால் துடைத்துத் தட்டில் வளர்த்தாள். மூன்றாம் நாள் காலை என்னை ஆய்வுக்கூடத்துக்கு அழைத்துக் கதவைச் சாத்தினாள்.

"குழாய்ல இருக்கு. உன் கையிலயும் இருக்கு முத்து."

அவளுடைய முக்காலியில் உட்கார்ந்தேன். நான்தான் கொன்றேனா என்று கேட்டேன். ஆறுதலுக்கு இல்லை என்று சொல்வாள் என எதிர்பார்த்தேன்.

"உன் கையில இருந்துச்சுன்னு தெரியும். உன் கையாலதான் போச்சான்னு எனக்குத் தெரியாது. தெரியாதத ரெண்டு பக்கமும் சொல்ல மாட்டேன்" என்றாள். பிறகு என் கையைப் பிடித்துக்கொண்டாள். கிருமி இருந்த அதே கையை, உறை போடாமல்.

அறிக்கையில் அவள் என் பெயரை எழுதவில்லை. ஊழியர் ஒருவர் என்று மட்டும் இருந்தது. யார் என்று டாக்டர் கேட்டபோது ஹபீபா தரையைப் பார்த்தாள். நான்தான் என்று நானே சொன்னேன். பிரிவை மூடிக் குழாய்களை மாற்றினார்கள். தட்டில் சின்ன வட்டம் காட்டிய ஒரே மருந்தைக் கொடுத்து மற்ற இரண்டு குழந்தைகளும் பிழைத்தன. மறுவாரம் டாக்டரோடு மல்லாங்கிணற்றுக்குப் போனேன். ஹபீபாவும் கூட வந்தாள், யாரும் அழைக்கவில்லை.

டாக்டர் சொல்லி முடித்ததும் பாண்டிச்செல்வி என்னைப் பார்த்து, "அப்ப எம்புள்ள உங்களாலதான் போச்சா?" என்று கேட்டாள்.

"தெரியலம்மா. இருக்கலாம்" என்றேன்.

அவளுடைய கணவன் அவளை உள்ளே கூட்டிப்போனான். என்னை மன்னித்தார்களா என்று இன்றுவரை தெரியாது. கேட்கும் உரிமையும் எனக்கில்லை.

வேலையை விட்டுவிடுகிறேன் என்று ஹபீபாவிடம் சொன்னேன். "பயப்படுறவ போயிட்டா, பயப்படாதவதானே அந்த எடத்துக்கு வருவா" என்றாள். இருந்துவிட்டேன்.

அவளை அடக்கம் செய்த மறுநாள் பணிக்குப் போனேன். பிறந்து நான்கு மணி நேரமான பெண் குழந்தையை வாங்கிக்கொள்ளச் சொல்லி ஒரு தாய் நீட்டினாள். கொஞ்சம் பொறுங்கள் என்று சொல்லிவிட்டுக் குழாயடியில் நின்றேன். விரலிடுக்கு, நகக்கண், மணிக்கட்டு. கழுவி முடித்தும் கை சுத்தம் என்று என்னால் நம்ப முடியவில்லை. குழந்தையை வாங்கும்போது கை நடுங்கியது.

ஹபீபாவிடமிருந்து எனக்கென்று மிச்சம் இருப்பது இந்த நடுக்கம்தான். இது நின்றுவிடக் கூடாது என்று தினமும் வேண்டிக்கொள்கிறேன்.