தாலுகா ஆஸ்பத்திரிக்குக் கேட்ட மெஷின்

என் வீட்டுக்காரருக்கு இரண்டு கிட்னியும் போய்விட்டது. வாரத்துக்கு இரண்டு நாள் புதுக்கோட்டைக்குப் போய் ரத்தத்தைச் சுத்தம் பண்ணிக்கொண்டு வர வேண்டும். எங்கள் ஊரிலிருந்து இரண்டு பஸ் மாற வேண்டும். திரும்பும்போது என் மடியில் மஞ்சள் பையை விரித்து வாந்தி எடுத்துக்கொண்டே வருவார். சுற்று ஊர்களில் இவரோடு சேர்த்து இப்படி ஆறு பேர். நம் தாலுகா ஆஸ்பத்திரியிலேயே ஒரு டயாலிசிஸ் மெஷின் வைக்கச் சொல்லி, பக்கத்து வீட்டுப் பெண், எனக்கு நாத்தனார் முறை, அவள்தான் மனு எழுதிக் கையெழுத்தும் வாங்கினாள்.

புது ரேஷன் கடையைத் திறக்க எம்.எல்.ஏ. வந்த அன்று மனுவை என் கையில் திணித்தாள்.

"நீங்க குடுங்க மதினி. நான் பேசுனா சண்டைக்கு வந்த மாதிரி இருக்கும்."

"எனக்கு நாக்கு எழாதுத்தா."

"பேசவே வேணாம். எல்லாம் அதுல எழுதியிருக்கு."

எனக்கு முன்னால் நின்றவர்கள் எல்லாம் உதவித்தொகை கேட்டு வந்த பெண்கள். எம்.எல்.ஏ. என் மனுவை வாங்கிப் பிரிக்காமலே, "யாருக்குத்தா?" என்றார்.

"அவுகளுக்குங்க."

"அவுகன்னா, வீட்டுக்காரரா? பேரென்ன?"

எங்கள் பக்கம் என் வயதுப் பெண்கள் புருஷன் பேரைச் சொல்வதில்லை. அவருக்குக் குலசாமி பேர். சாமியைக்கூட நான் 'மேலக்கரையார்' என்றுதான் கும்பிடுவேன். ஆஸ்பத்திரியில் கேட்டால் அவரே சொல்லிவிடுவார். திரும்பிப் பார்த்தேன். நாத்தனார் கூட்டத்துக்குப் பின்னால் மாட்டிக்கொண்டிருந்தாள். கண்ணீர் வந்துவிட்டது.

எம்.எல்.ஏ. இரங்கிவிட்டார். "அழாதீங்கத்தா. போனவரு போயிட்டாரு. விதவைப் பென்சன்தானே, நான் பாத்துக்கிறேன்."

மனுவின் மேல் அப்படியே எழுதி உதவியாளரிடம் நீட்டினார். என் நெற்றியில் குங்குமம் இருந்தது. அவர் அதற்குள் அடுத்த ஆளைப் பார்த்துக்கொண்டிருந்தார். 'இருக்காகய்யா' என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். அத்தனை பேர் முன்னால் பெரிய மனுசர் பேச்சை மறுக்க எனக்கு வாய் வரவில்லை.

"என்ன மதினி சொன்னாரு?"

"பாத்துக்கிறேன்னாரு."

"பாத்தீங்களா, நான் சொல்லலை!" நாத்தனாருக்கு முகமெல்லாம் சிரிப்பு. மெஷின் வருகிறது என்று மற்ற ஐந்து வீட்டுக்கும் போய்ச் சொல்லிவிட்டு வந்தாள். அதற்கு மேல் எப்படிச் சொல்வேன்?

மூன்று மாதம் கழித்துத் தலையாரி வாசலில் வந்து நின்றார். "ஆத்தா, பென்சன் மனு வந்திருக்கு. எறப்புச் சான்று ஜெராக்ஸ் ஒண்ணு குடுங்க."

உள்ளே கட்டிலிலிருந்து அவர் குரல் கொடுத்தார். "கொஞ்சம் பொறுக்கச் சொல்லு. சீக்கிரமே தந்துருவோம்."

தலையாரி செருப்பைக்கூடச் சரியாக மாட்டாமல் போய்விட்டார்.

அன்றுதான் நாத்தனாரிடம் சொன்னேன். அவள் திட்டவில்லை. திட்டியிருக்கலாம். இன்னொரு மனு எழுதிக்கொண்டு தனியாகவே போனாள். எம்.எல்.ஏ. சென்னையில் இருக்கிறார் என்றார்களாம். அடுத்த முறையும் அதையே சொன்னார்களாம். அதற்குள் ஆறு பேரில் இரண்டு பேர் போய்விட்டார்கள். துக்கத்துக்குப் போன இடத்தில் யாரும் என்னை ஒன்றும் கேட்கவில்லை. நான்தான் நிமிராமல் உட்கார்ந்திருந்துவிட்டு வந்தேன்.

இப்போது இவருக்குப் பஸ் படி ஏற முடியவில்லை. கண்டக்டரும் நானுமாகத் தூக்கி ஏற்றுகிறோம். நேற்று ராத்திரி, "இனிமே போக வேணாம், விட்ரு" என்றார். காலையில் சேலை மாற்றிக்கொண்டு, பையை எடுத்துக்கொண்டு வந்து நின்றேன். அவர் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். பஸ் வந்து நின்று போகிற சத்தம் கேட்டது.