மத்தியானத்துக்குள் மூடும் நீலம்

தம்பிக்குத் தூக்கம் போய் இருபது நாளாகியிருந்தது. ஆலங்குடிக்கும் புதுக்கோட்டைக்கும் பஸ் ஓட்டுகிறவன். மழையில் குறுக்கே வந்த பள்ளிக்கூடப் பிள்ளையின் சைக்கிளுக்கு ஒரு முழம் இருக்கையில் பஸ்ஸை நிறுத்திவிட்டான். யாருக்கும் கீறல்கூட இல்லை. ஆனால் கண்ணை மூடினால் அந்தச் சைக்கிள் திரும்பத் திரும்ப வருகிறது என்றான். தூங்காத கண்ணோடு ஐம்பது உயிரை ஏற்றமாட்டேன் என்று தானே லீவு போட்டுவிட்டான். தூங்கினால்தான் ஸ்டியரிங்.

டாக்டரின் மாத்திரையோடு விஷ்ணுகிரந்தியும் குடித்துப் பார்க்கலாமா என்று அவனே கேட்டான். அவரும் சரியென்றார். எங்கள் பக்கம் காய்ச்சலுக்கு அதைக் கஷாயம் வைப்பார்கள். பரீட்சைக்குப் படிக்கிற பிள்ளைகளுக்கு அரைத்துக் கொடுப்பார்கள். மனசு படபடக்கிறவர்களுக்கு வேரோடு பூவோடு பாலில் காய்ச்சித் தருவார்கள்.

எனக்கு எதையும் நாளைக்கு என்று வைக்கத் தெரியாது. அன்று சாயங்காலமே அவனை இழுத்துக்கொண்டு முந்திரித் தோப்புக்குப் போய், தரையோடு படர்ந்திருந்ததையெல்லாம் ஒரு பை நிறையப் பிடுங்கி வந்தேன். அவன் மனைவி கடலைக் காட்டில் களையெடுக்கிறவள். பையைத் தரையில் கொட்டிப் பார்த்தாள்.

"என்ன மதினி, ஆட்டுக்கா?"

"விஷ்ணுகிரந்தி."

"பூ எங்க? பூவப் பாக்காம புடுங்குனா எல்லாம் பச்சதான். அது மத்தியானத்துக்குள்ள கண்ண மூடிரும். ஒங்க தம்பி மாதிரி இல்ல."

தம்பியே சிரித்துவிட்டான்.

"களைன்னு நெனச்சு எம்புட்டோ புடுங்கி வரப்புல எறிஞ்சிருக்கேன்," என்றாள் அவள், குரலைத் தணித்து. "மருந்துக்குன்னா அப்புடி எடுக்கக் கூடாது. செடிகிட்டக் கேட்டுத்தான் எடுக்கணும். நோவு யாருக்கோ அவுகளே கேக்கணும்."

மறுநாள் காலை எட்டு மணிக்கு மூவரும் போனோம். நேற்று வெறும் பச்சையாகக் கிடந்த இடம் அது என்று நம்பவே முடியவில்லை. முந்திரிச் சருகுகளுக்கு நடுவே செம்மண் முழுக்க நீலம். ஒவ்வொன்றும் சுண்டுவிரல் நகத்தளவுகூட இல்லை. அத்தனை சிறிய இதழுக்குள் இவ்வளவு நிறத்தை எது கொண்டுவந்து வைத்தது? ஒரு காலைப்பொழுதுக்காக மட்டும்? இத்தனை வருஷமாக இதன்மேல்தான் மிதித்து நடந்திருக்கிறேன். காலை எங்கே வைப்பதென்று தெரியாமல் நின்றேன்.

தம்பி ஒரு செடியின் முன்னால் குத்தவைத்து உட்கார்ந்தான். கூச்சப்பட்டான்.

"ரெண்டு பேரும் அங்கிட்டுத் திரும்புங்க."

திரும்பிக்கொண்டோம். பிறகு அவன் குரல் வந்தது, டிக்கெட் எடுக்காதவர் பேசுவது மாதிரி மெதுவாக.

"எனக்குத்தான். பஸ் ஓட்டணும். அந்தப் புள்ள விழல. விழலன்னு எனக்கே வெளங்கணும்."

அவன் மனைவி முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். "வெயிலு," என்றாள். எட்டு மணிக்கு என்ன வெயில்.

அதன் பிறகு தினமும் காலையில் நானும் அவனும் போனோம். அன்றைக்கு வேண்டியதை மட்டும் அவன் எடுப்பான், கேட்டுவிட்டு. அவள் பாலில் காய்ச்சித் தருவாள். ஏழாம் நாளோ எட்டாம் நாளோ, நான் போய் நின்றபோது அவள் வாசலில் உட்கார்ந்திருந்தாள். வாயில் விரலை வைத்துக் காட்டினாள். உள்ளே தம்பி வாயைத் திறந்துகொண்டு கிடந்தான். மூச்சு ஏறி இறங்கியது.

"எப்பருந்து?"

"மணி பாக்கல மதினி. முழிச்சிருவாகளோன்னு பயமா இருந்துச்சு."

செடியா, மாத்திரையா, வாய்விட்டுச் சொன்ன அந்த நாலு வார்த்தையா, எனக்குத் தெரியாது. தோப்புக்குத் தனியாகப் போனேன். எதையும் பறிக்கவில்லை. வெயில் ஏற ஏற ஒவ்வொரு நீலமாக மடங்கிச் சுருண்டு பச்சைக்குள் போயிற்று. கடைசிப் பூ மூடும்வரை, ஓரிடத்தில் நிற்காத நான், அசையாமல் உட்கார்ந்திருந்தேன்.

திரும்பி வந்தபோதும் அவன் தூங்கிக்கொண்டிருந்தான்.