கொதிக்கும் காரும் அம்மாவின் முழங்காலும்

மாடிப்படியில் வழுக்கி விழுந்ததில் அம்மாவின் முழங்கால் உடைந்தது. அறுவைச் சிகிச்சைக்குப் பிறகு வாரத்தில் மூன்று நாள் ஆர்.எஸ்.புரத்திலுள்ள பிசியோதெரபி மையத்துக்கு அழைத்துச் செல்ல வேண்டியிருந்தது. காலை மடக்கிப் பழக்காவிட்டால் மூட்டு இறுகிவிடும், பிறகு மயக்கம் கொடுத்துத்தான் மடக்க வேண்டிவரும் என்று மருத்துவர் எச்சரித்திருந்தார். எங்கள் வீடிருக்கும் துடியலூரிலிருந்து அவ்வளவு தூரம் காலை நீட்டியபடியே வருவதற்கு எங்கள் பழைய காரின் நீண்ட பின்னிருக்கைதான் வாகாக இருந்தது. ஒருமுறை வாடகைக் காரில் போனோம். கால் நீட்ட இடமில்லாமல், அம்மா வழிநெடுகக் கதவின் கைப்பிடியைப் பற்றிக்கொண்டு வந்தாள். அதன்பின் வாடகைக் கார் பற்றி வீட்டில் யாரும் பேசவில்லை.

ஆனால் எங்கள் கார் கொதித்தது. பெரும்பாலும் சாய்பாபா காலனி சிக்னலில்தான். பானட்டின் விளிம்பிலிருந்து ஆவி கிளம்பும். அப்பா வண்டியை ஓரங்கட்டுவார். பின்னால் ஹாரன்கள் அலறும். சூடு தணியாமல் ரேடியேட்டர் மூடியைத் திறக்க முடியாது. அம்மாவால் இறங்கவும் முடியாது. வெயிலில் காய்ந்த தகரத்துக்குள் அவள் பாதத்தை மடியில் வைத்துக்கொண்டு நான் காத்திருப்பேன். மையத்தை அடையும்போது எங்களுக்குக் கொடுத்த நேரம் வேறொருவருக்குப் போயிருக்கும்.

அப்பா இருபது வருடங்களாக வண்டியை விட்டுவந்த பட்டறை, எங்கள் வீட்டிலிருந்து நடக்கிற தூரத்தில் இருந்தது. நிற்கும்போது கொதிக்கிறது என்றால் ஃபேன் சரியாகச் சுற்றவில்லை என்றார் மெக்கானிக். நின்ற வண்டிக்குக் காற்றைத் தருவது ஃபேன் ஒன்றுதான் என்பதால் அது நியாயமாகவே பட்டது. ஃபேன் மோட்டாரை மாற்றினார். மீண்டும் கொதித்தது. ரேடியேட்டர் மூடியை மாற்றினார். மூன்றாம் முறை, என்ஜின் சூடேறும்வரை தண்ணீரைத் தடுத்து வைக்கும் வால்வையே கழற்றி மேசைமேல் வைத்தார். நம்மூர் வெயிலுக்கு இது தேவையே இல்லை என்பது அவர் கட்சி. அதன்பின் சில நாட்கள் கொதிக்கவில்லை. குணமாகிவிட்டது என்று நாங்கள் நம்பத் தொடங்கியிருந்தபோது, அதே சிக்னலில் அம்மாவோடு மறுபடி நின்றோம்.

அன்று வீடு திரும்பியதும் அம்மா அப்பாவிடம் சொன்னாள்: “இனி நான் வர்லீங்க. காலை ஊட்லயே மடக்கிப் பாத்துக்கறேன்.”

அவள் மடக்கவில்லை. துண்டைப் பாதத்தில் மாட்டி இரண்டு முறை இழுப்பாள். வலி முகத்துக்கு ஏறியதும் துண்டை மடித்து வைத்துவிடுவாள். வாரங்கள் கடந்தன. என்ஜினையே பிரித்துப் பார்க்க வேண்டியிருக்கும் என்றார் மெக்கானிக். அப்பா வண்டியை எடுத்துக்கொண்டு வந்துவிட்டார்.

அம்மா இல்லாமல் ஒருமுறை அதே வழியில் போய்வரலாம் என்று அப்பாவிடம் கேட்டேன். முன்னிருக்கையில் உட்கார்ந்தேன். அப்பா ஓட்டும்போது சாலையைத்தான் பார்ப்பார். வெப்பமானியின் முள்ளை அவர் பார்ப்பது வண்டி நிற்கும்போது மட்டுமே. நானோ அதுவரை பின்னிருக்கையில் இருந்தேன். அந்த முள்ளை வழிமுழுதும் ஒருவர் பார்த்துக்கொண்டே வந்தது அன்றுதான். கவுண்டம்பாளையம் பாலத்தில், வண்டி தடையின்றி வேகமாக ஏறும்போதே, ஜன்னல் வழியே காற்று அறைந்துகொண்டிருக்கையில், முள் நடுவிலிருந்து நகர்ந்தது. பாலம் இறங்கும்போது சிவப்பை நெருங்கியிருந்தது. சிக்னல் அது பொங்கி வழிந்த இடம் மட்டுமே.

பட்டறையில் இதைச் சொன்னேன். மெக்கானிக் பானட்டைத் திறந்தார்.

“காத்து அடிக்கறப்பவே ஏறுதுன்னா ஃபேன் மேல தப்பில்லீங் அம்மணி. உள்ள தண்ணி ஓடுலீங்.”

ரேடியேட்டரைக் கழற்றி மேல்வாய் வழியே தண்ணீர் விட்டார். கீழ்வாயில் அது சொட்டுச் சொட்டாக வந்தது. மேல்பகுதியைப் பிரித்தபோது, குழாய்களின் வாய்களை வெள்ளை உப்பு அடைத்திருந்தது. என்ன தண்ணீர் ஊற்றுவீர்கள் என்று கேட்டார். ஆழ்துளைக் கிணற்றிலிருந்து வரும் போர் தண்ணீர்தான் என்றார் அப்பா. எங்கள் வீட்டில் உப்பில்லாத சிறுவாணித் தண்ணீர் சில நாட்களுக்கு ஒருமுறைதான் வரும். அது சோற்றுக்கும் காப்பிக்கும் குடிக்கவும் மட்டுமே என்பது அம்மாவின் சட்டம்.

“நல்ல தண்ணி ஊத்தியிருந்தா இத்தனை பாடு இல்லீங்களே,” என்றார் மெக்கானிக்.

“நல்ல தண்ணிய காருக்கு ஊத்திப்போட்டு நான் ஊட்டுக்குள்ள காலு வைக்க முடியுமுங்களா?” என்றார் அப்பா.

மெக்கானிக் சிரித்தார். பிறகு தன் கையிலிருந்த ஹோஸைப் பார்த்தார். அதில் வந்ததும் போர் தண்ணீர்தான்; ஒவ்வொரு முறை வண்டியைத் திருப்பித் தரும்போதும் அவர் நிரப்பி அனுப்பியது அதைத்தான். ஹோஸைக் கீழே போட்டுவிட்டு, புது ரேடியேட்டருக்குச் சொல்லிவிடலாம் என்றார். கழற்றிய வால்வும் திரும்பப் பொருத்தப்பட்டது. இம்முறை கூலன்ட் ஊற்றினார்கள். பாலத்தில் இரண்டு முறை ஏறி இறங்கிப் பார்த்தோம். முள் நடுவிலேயே நின்றது.

அம்மாவை நம்ப வைப்பது அவ்வளவு எளிதாக இல்லை.

“நடு ரோட்ல நின்னுபோச்சுன்னா?” என்றாள்.

“நின்னா நான் தூக்கீட்டு வாரேன்,” என்றார் அப்பா.

“ஏனுங்க, உங்களால அரிசி மூட்டையவே தூக்க முடியறதில்ல,” என்றபடி அம்மா ஊன்றுகோலை எடுத்தாள்.

நிற்காமல் போய்ச் சேர்ந்தோம். பிசியோதெரபிஸ்ட் பெண் முழங்காலின் பக்கவாட்டில் கோணமானியை வைத்து அளந்தார். மறுபடி அளந்தார். முன்பு வந்தபோது மடங்கிய அளவுக்கு இப்போது மடங்கவில்லை, ஏறக்குறைய முதலிலிருந்தே தொடங்க வேண்டும் என்றார். அப்பா கார் சாவியைச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டு தரையைப் பார்த்தார். மயக்கம் கொடுத்துத்தான் மடக்கணுமா என்று அம்மா கேட்டாள். ஒரு மாதம் விடாமல் வந்தால் தேவைப்படாமல் போகலாம், ஆனால் வலிக்கும் என்று பதில் வந்தது.

அம்மா கண்ணாடியைக் கழற்றி என்னிடம் கொடுத்துவிட்டுப் படுக்கையில் மெல்லச் சாய்ந்தாள்.

“புடிச்சு அமுத்துங்க,” என்றாள் அந்தப் பெண்ணிடம். “நான் கத்துனா கண்டுக்காதீங்க.”